இருவராகப் புறப்படுவதற்கு முன்: வெளிநாட்டுக் குடியேற்றத்தை யோசிக்கும் திருகோணமலைத் தம்பதியருக்கு

பிறப்புச் சான்றிதழ்களையும் விவாகச் சான்றிதழ்களையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், திருகோணமலையிலிருந்து வெளிநாடு செல்ல எண்ணுகிறவர்கள் தொடக்கத்திலேயே என் மேசைக்கு வந்துவிடுகிறார்கள். அண்மைக் காலமாக வருகிறவர்களில் திருமணமாகி ஓரிரு ஆண்டுகளே ஆன இளம் தம்பதியர் அதிகம். எரிபொருள் வரிசையில் இரவுகளைக் கழித்த 2022 ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டைவிட்டுச் சென்றதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் பதிவு செய்தது. வரிசைகள் மறைந்த பின்னரும் அந்த எண்ணம் மறையவில்லை.

வருகிறவர்கள் முதலில் கேட்பது ‘எந்த நாடு நல்லது?’ என்பதே. என் அனுபவத்தில் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. நாங்கள் தெரிவு செய்யும் வழியில் எங்களில் ஒருவருக்கு வீசா கிடைத்தால் மற்றவரின் நிலை என்ன, அவர் கூடவே வரலாமா, வந்தால் வேலை செய்யலாமா, நிரந்தர வதிவுரிமை இருவருக்கும் ஒன்றாகக் கிடைக்குமா என்பதே முதற்கேள்வி. இதைக் கேட்காமல் நாட்டைத் தெரிவு செய்தவர்களில் சிலர், ஒருவர் அங்கும் ஒருவர் இங்குமாக ஆண்டுக்கணக்கில் தொலைபேசியில் குடும்பம் நடத்துவதை நான் பார்த்திருக்கிறேன். எனவே இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியையே சுற்றி எழுதப்பட்டுள்ளது.

உழைக்கப் போவதும் குடியேறப் போவதும்

முதல் வேலையாக, ஒரு மாலையில் இருவரும் தனித்தனித் தாளில் ‘ஏன் போக வேண்டும்’ என்பதை எழுதிய பின்னர் தாள்களை மாற்றி வாசித்துப் பாருங்கள். உப்புவெளிப் பக்கமிருந்து வந்த ஒரு தம்பதியை அவ்வாறு எழுதச் சொன்னபோது, கணவன் வங்கிக் கடனையும் தங்கையின் கலியாணத்தையும் எழுதியிருந்தார். மனைவியோ பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்பதை எழுதியிருந்தார். முன்னது ஐந்தாண்டு உழைப்பில் தீரக்கூடியது. பின்னது வாழ்நாள் முடிவு. இரண்டுக்கும் உரிய நாடுகள் வேறு.

ஐந்தாண்டு உழைத்துத் திரும்புவதுதான் நோக்கம் என்றால் வளைகுடா நாடுகள், தென்கொரியா, ஜப்பான் ஆகியவை ஏற்றவை. ஆனால் இவற்றில் தம்பதியாகப் போவது கடினம். தென்கொரியாவின் தொழிலாளர் அனுமதித் திட்டத்தில் கொரிய மொழித் தேர்வு எழுதி வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாகச் செல்லும் தொழிலாளி துணையை அழைத்துக்கொள்ள முடியாது. ஜப்பான் 2019 இல் தொடங்கிய குறிப்பிட்ட திறன் தொழிலாளர் வீசாவின் முதலாம் நிலை அதிகபட்சம் 5 ஆண்டுகள் கொண்டது. அதிலும் குடும்பத்துக்கு இடமில்லை, இரண்டாம் நிலைக்கு உயர்ந்தால்தான் உண்டு. வளைகுடாவில் சம்பளம் குறித்த அளவுக்கு மேல் இருந்தால் குடும்ப வீசா பெறலாம். என்றாலும் அங்கே இருபது ஆண்டு உழைத்தாலும் ஒருநாள் திரும்ப வேண்டியதே வழமை என்பதைக் கிண்ணியாவிலும் மூதூரிலும் வீட்டுக்கு வீடு அறிவார்கள். இதில் குறையொன்றும் இல்லை. கடனை அடைத்து, வீட்டைக் கட்டி, திரும்பிவந்து தொழில் தொடங்கியவர்கள் நம்மிடையே ஏராளம். குடியேற்றம் என்று நினைத்துக்கொண்டு உழைப்புப் பயணத்துக்குப் பணம் கட்டிவிடக் கூடாது என்பதே என் கவலை.

மற்றவரின் இடம்

குடியேறுவதுதான் நோக்கம் என்று இருவரும் உடன்பட்டால், இளம் தம்பதியர் பெரும்பாலும் பேசுவது கனடா, அவுஸ்திரேலியா, பிரித்தானியா ஆகிய மூன்றையும்தான்.

கனடாவின் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ முறை 2015 ஜனவரியில் தொடங்கியது. வயது, கல்வி, மொழி, வேலை அனுபவம் ஆகியவற்றுக்கு மொத்தம் 1,200 புள்ளிகள் கொண்ட தரவரிசையில் உங்களை வைத்து, மேலிருந்து கீழாக அழைப்பார்கள். தம்பதியாக விண்ணப்பித்தால் ஒருவர் முதன்மை விண்ணப்பதாரர், மற்றவர் துணை. அனுமதி கிடைத்தால் இருவரும் நிரந்தர வதிவாளர்களாகவே சென்று இறங்குகிறார்கள். நான் கேட்கச் சொன்ன கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் தரும் வழி வேறில்லை. ஆனால் யார் முதன்மை விண்ணப்பதாரர் என்பதில் நம்மவர் பெருந்தவறு செய்கிறார்கள். கணவனின் பெயரிலேதான் கோப்புத் திறக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இருவரின் விவரத்தையும் இரு வகையாகவும் போட்டுக் கணக்கிட்டு, அதிகப் புள்ளி வருகிறவரை முன்னிறுத்த வேண்டும். இருவரும் தகுதி பெற்றால் தனித்தனியே இரண்டு சுயவிவரங்களையும் பதியலாம்.

கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். துணையுடன் விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயது வரை வயதுக்குரிய முழுப் புள்ளி 100. 30 வயதில் 95, 31 இல் 90 என்று ஆண்டுக்கு ஐந்தாகக் குறைந்து 35 இல் 70 ஆகிவிடும். துணையின் கல்வி, மொழி, கனடிய வேலை அனுபவம் மூன்றுக்கும் சேர்த்துக் கிடைப்பது அதிகபட்சம் 40 மட்டுமே. ஆகவே வயது குறைந்தவரும் ஆங்கிலத்தில் வல்லவருமான ஒருவர் துணையின் இடத்தில் இருந்தால் அவரது வலிமை வீணாகிறது. மொழியே இந்தக் கணக்கின் உயிர்நாடி. ஐ.ஈ.எல்.ரி.எஸ். எனும் ஆங்கிலத் தேர்வின் பொது வகையில் நான்கு பிரிவிலும் 6 எடுத்தால் கனடிய மொழித் தரம் 7; கேட்டலில் 8 உம் ஏனைய மூன்றிலும் 7 உம் எடுத்தால் தரம் 9. துணையுடன் விண்ணப்பிக்கும் முதன்மை விண்ணப்பதாரருக்கு முன்னது 64 புள்ளியும் பின்னது 116 புள்ளியும் தரும். அதற்கு மேல், தரம் 9 ஐ எட்டியவருக்குப் பட்டத்துக்கும் வெளிநாட்டு வேலை அனுபவத்துக்கும் இணைப்புப் புள்ளிகளும் ஏறத்தாழ இரட்டிப்பாகின்றன. முகவருக்கு இலட்சக்கணக்கில் கொடுப்பதைவிட எட்டு மாதம் நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஆங்கிலம் படிப்பது இலாபமானது என்று நான் சொல்வது இதனாலேயே. நம் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது எழுத்துப் பிரிவில். வாரத்துக்கு இரண்டு கட்டுரையாவது எழுதி, தெரிந்த ஓர் ஆங்கில ஆசிரியரிடம் திருத்தக் கொடுங்கள். தேர்வு முடிவு 2 ஆண்டுகளும், பட்டத்தின் தரத்தை மதிப்பிட்டுத் தரும் அறிக்கை 5 ஆண்டுகளும் செல்லும் என்பதால் மதிப்பீட்டை முதலிலும் தேர்வைப் பின்னரும் முடிப்பது நல்லது.

கனடாவின் ஸ்காபரோவில் உறவினர் இருக்கிறார்கள் என்பதைப் பலர் பெரும் பலமாக நினைக்கிறார்கள். உங்களில் ஒருவரின் கூடப்பிறந்தவர், 18 வயது கடந்த கனடியக் குடியுரிமையாளராகவோ நிரந்தர வதிவாளராகவோ அங்கேயே வசித்தால், தரவரிசையில் 15 புள்ளி கிடைக்கும். மனைவியின் அண்ணன் என்றாலும் கணவனின் கோப்பில் அது சேரும். மாமா, சித்தி ஆகியோர் அந்தத் தரவரிசையில் கணக்கில் வர மாட்டார்கள். தரவரிசைக்கு வருமுன் தகுதி பெறுவதற்காக 67 புள்ளி எடுக்க வேண்டிய தனிச் சோதனையில் மட்டும் அவர்களால் 5 புள்ளி கிடைக்கும்.

கல்வி வீசா வழியாகப் போவோம், ஒருவர் படிக்க மற்றவர் உழைக்கட்டும் என்ற திட்டம் சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மூரில் பெரும் வழக்காக இருந்தது. அந்தக் கதவு இப்போது வெகுவாக ஒடுங்கிவிட்டது. கனடா 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதித்தது. 2025 ஜனவரி 21 முதல், 16 மாதங்களுக்குக் குறையாத முதுகலைப் படிப்பு, கலாநிதிப் படிப்பு, குறிப்பிட்ட சில தொழில்சார் பட்டங்கள் ஆகியவற்றைப் படிப்பவரின் துணைக்கே திறந்த வேலை அனுமதி உண்டு. எனவே ஏதோ ஒரு கல்லூரியில் ஓராண்டு டிப்ளோமாவுக்குப் பணம் கட்டிவிட்டு, மனைவியோ கணவனோ கூடவந்து உழைப்பார் என்று கணக்குப் போடுவது இன்று பிழையான கணக்கு.

பிரித்தானியா இன்னும் இறுக்கமானது. 2024 ஜனவரி முதல் ஆய்வுப் பட்டம் படிப்பவர்களும் அரச புலமைப்பரிசில் பெற்றவர்களும் தவிர்ந்த மாணவர்கள் துணையை அழைக்க முடியாது. பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைப்பது 2024 மார்ச் 11 இல் நிறுத்தப்பட்டது; 2025 ஜூலை 22 இல் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பதே முடிவுக்கு வந்தது. அதே நாளிலிருந்து திறன் தொழிலாளர் வீசாவுக்கான பொதுச் சம்பள எல்லை ஆண்டுக்கு 41,700 பவுண் ஆயிற்று, வேலையும் பட்டதாரித் தரத்தில் இருக்க வேண்டும். இவ்வளவுக்குப் பின்னரும் ‘லண்டன் கெயார் வேலை, குடும்பத்தோடு போகலாம்’ என்று யாராவது சொன்னால், அவர் பழைய செய்தியை விற்கிறார் அல்லது பொய்யை விற்கிறார்.

அவுஸ்திரேலியாவும் புள்ளி முறையையே கையாளுகிறது. 65 புள்ளி என்பது விருப்பத்தைப் பதிவதற்கான குறைந்த அளவே. அழைப்பு அதற்கு மேல்தான் வரும். 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி, 33 இல் இருந்து 25. உங்கள் தொழிலுக்குரிய மதிப்பீட்டு நிறுவனம் உங்கள் திறனை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். இங்கே துணையின் இடம் சுவையானது: துணைக்கும் ஏற்கப்பட்ட தொழில் மதிப்பீடும் போதிய ஆங்கிலமும் இருந்தால் 10 புள்ளி, ஆங்கிலம் மட்டும் இருந்தால் 5. அடிப்படை ஆங்கிலத் தகுதியைக்கூடத் துணை காட்டாவிட்டால் வீசா வழங்கும் முன்னர் பெருந்தொகை மேலதிகக் கட்டணம் கேட்பார்கள். எனவே தேர்வு இருவருக்கும் உரியது என்று எண்ணி இருவரும் சேர்ந்தே படியுங்கள்.

தொழில் கற்றவர்களுக்கு ஒரு சொல். நிலாவெளி விடுதிகளில் மின்னிணைப்பாளராகவோ சமையற்காரராகவோ பத்தாண்டு அனுபவம் இருந்தும் கையில் ஒரு சான்றிதழும் இல்லாதவர்கள் நம்மிடையே பலர். முற்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் அனுபவத்தைச் சோதித்து தேசிய தொழிற்றகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழ் பெற இலங்கையில் வழியுண்டு. அதைப் பெற்ற பின்னர் மற்றதை யோசியுங்கள். கூடவே, ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டப்படுகிறதா என்றும் பாருங்கள். வேலை அனுபவத்தை மெய்ப்பிக்க, கடமைகளும் வேலை நேரமும் சம்பளமும் எழுதிய கடிதத்தோடு அந்தப் பதிவும் துணைநிற்கும்.

பெயரும் எழுத்தும்

என் மேசையில் அதிக கண்ணீர் சிந்தப்படுவது இந்த இடத்தில். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். தேசிய அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து ஒரு விதம், சாதாரண தரச் சான்றிதழில் இன்னொரு விதம், கடவுச்சீட்டில் மூன்றாவது விதம். தகப்பன் பெயரை முதலெழுத்தாக இடும் நம் வழக்கம் குடும்பப் பெயர் கேட்கும் நாட்டுக்குப் புரிவதில்லை. ஒரு பெண்ணின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயரும் விவாகத்துக்குப் பின் எடுத்த ஆவணத்தில் கணவன் பெயரும் இருந்தால், இரண்டு ஆட்கள் என்றே அங்கே கருதுவார்கள். ஆகவே எந்த விண்ணப்பத்தையும் தொடங்குவதற்கு முன்னர், இருவரின் எல்லா ஆவணங்களையும் தரையில் பரப்பி வைத்து, ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் ஒப்பிடுங்கள். கடவுச்சீட்டில் உள்ள எழுத்தைத் தலையானதாகக் கொண்டு, மாற்றக்கூடியவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள். மாற்ற முடியாதவற்றுக்கு ‘இவ்விரு பெயரும் ஒருவரையே குறிக்கும்’ என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து வைக்கலாம். மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் எடுத்துச் செல்லுங்கள். அதைப் பார்க்காமல் மொழிபெயர்த்தால் நானும் ஒரு நான்காவது எழுத்தை உருவாக்கிவிடுவேன்.

பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். தாய் தகப்பன் சம்பூரிலோ ஈச்சிலம்பற்றிலோ இருந்தாலும், திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் பிறந்தவரின் மூலப்பதிவு பட்டினமும் சூழலும் பிரதேசத்துக்கு உரியது. பெயர் திருத்தம், பிறந்த திகதித் திருத்தம் ஆகியவற்றுக்கான விண்ணப்பத்தை அந்தப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் கேளுங்கள். மாதங்கள் எடுக்கும் என்பதால் இதை முதலாவது மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

1990 ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் இந்தியாவுக்குச் சென்ற குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது. தமிழ்நாட்டு முகாமில் பிறந்து சிறு வயதில் பெற்றோருடன் திரும்பிவந்த பலரிடம் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே உண்டு. அவர்கள் வெளிநாட்டில் நிகழ்ந்த பிறப்பைப் பதிந்து கொன்சியூலர் பிறப்புச் சான்றிதழையும், வம்சாவளிப் பிரஜாவுரிமைப் பதிவையும் பெற்றிருக்க வேண்டும். பெற்றோர் இதை முடித்துவைத்தார்களா என்று இப்போதே கேளுங்கள். மணம் முடித்த பின்னர், கடவுச்சீட்டு எடுக்கப் போன இடத்தில்தான் ‘நான் இன்னும் பிரஜையாகப் பதியப்படவில்லை’ என்று ஒருவர் அறிந்துகொண்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

கோயிலில் தாலி கட்டியதும் ஊரறிய விருந்து வைத்ததும் வெளிநாட்டு அலுவலகத்துக்குச் சான்றாகாது. பதிவாளர் முன்னிலையில் கையெழுத்திட்ட விவாகப் பதிவே வேண்டும். பதிவை ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டிருந்தால் உடனே முடியுங்கள். முஸ்லிம் தம்பதியருக்குத் தனிச் சட்டத்தின் கீழான பதிவு என்பதால் அதன் சான்றிதழையும் மொழிபெயர்ப்பையும் அவ்வாறே எடுத்து வையுங்கள். திருமணப் படங்கள், ஒரே முகவரிக்கு வந்த கட்டணப் பட்டியல்கள், கூட்டு வங்கிக் கணக்கு ஆகியவற்றையும் சேர்த்துவைப்பது நல்லது.

கடவுச்சீட்டுக்குத் தலைமை அலுவலகம் உள்ள பத்தரமுல்லைக்கே போக வேண்டும் என்றில்லை. நமக்கு அருகில் உள்ள பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது, ஹொரவப்பொத்தானை வழியாகக் காலையில் சென்று மாலையில் திரும்பலாம். பொலிஸ் நற்சான்றிதழுக்கு இணையவழியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் கட்டாரிலோ துபாயிலோ ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர் அந்த நாட்டின் பொலிஸ் சான்றிதழையும் கொடுக்க நேரும். அங்கே இன்னும் நண்பர்கள் இருக்கும்போதே அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். கைரேகைப் பதிவுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் கொழும்புக்குப் போக வேண்டியிருக்கும். இரவுப் பேருந்தில் சென்று மறுநாள் இரவே திரும்புவதாகத் திட்டமிட்டாலும், ஒரு நாள் மேலதிகமாகத் தங்கும் செலவைக் கணக்கில் வையுங்கள்.

பணம்

ஒரு கொப்பியை எடுத்து, செலவுகளைத் திரும்பக் கிடைக்காதவை, திரும்பக் கிடைக்கக்கூடியவை, காட்டுவதற்கு மட்டும் வேண்டியவை என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். தேர்வுக் கட்டணம், மதிப்பீடு, மொழிபெயர்ப்பு, மருத்துவப் பரிசோதனை ஆகியவை திரும்பி வராதவை. அரசாங்கக் கட்டணங்கள் பெரியவை. கனடாவில் 2024 ஏப்ரல் மாதத் திருத்தத்தின்படி நிரந்தர வதிவுக்கு வளர்ந்தவர் ஒருவருக்கு 1,525 டொலராகவும் இருவருக்கு 3,050 ஆகவும் இருந்தது. அங்கே கட்டணங்கள் ஈராண்டுக்கு ஒருமுறை உயர்வது வழக்கம். பிரித்தானியாவில் சுகாதார மேலதிகக் கட்டணம் ஆண்டுக்கு ஆளுக்கு 1,035 பவுண்; ஐந்தாண்டு வீசா எடுக்கும் தம்பதி 10,350 பவுணை முன்கூட்டியே கட்ட வேண்டும். வீசாக் கட்டணத்தை மட்டும் சொல்லி இதை மறைத்துவிடுகிற முகவர்கள் உண்டு.

வேலை வாய்ப்பு இல்லாமல் கனடாவுக்கு விண்ணப்பிப்பவர் காட்ட வேண்டிய குடியமர்வுப் பணம் கடன் வாங்கியதாக இருக்கக் கூடாது. கடந்த ஆறு மாத இருப்பின் சராசரியையும் பார்ப்பார்கள். ‘கணக்கில் ஒரு கிழமைக்குப் போட்டு எடுத்துத் தருகிறோம்’ என்று வட்டிக்குக் கொடுப்பவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள். அது உதவாது, கேள்வி எழுந்தால் கோப்பையே கெடுக்கும். பெற்றோர் அன்பளிப்பாகத் தந்தால் அன்பளிப்புக் கடிதமும், அவர்களிடம் அந்தப் பணம் எப்படி வந்தது என்பதற்கான ஆதாரமும் வேண்டும்.

காணியை விற்றுப் பணம் திரட்டலாம் என்பவர்களுக்கு: உங்கள் காணி உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்று முதலில் பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியைச் சாதாரண உறுதிக் காணி போல விற்க முடியாது. முற்பணம் வாங்கிவிட்டு உறுதி எழுத முடியாமல் திண்டாடியவர்கள் தம்பலகாமத்திலும் குச்சவெளியிலும் இருக்கிறார்கள். என் சொந்தக் கருத்து, முதல் மூன்றாண்டுக்கு ஒரு துண்டுக் காணியையும் விற்காதீர்கள் என்பதே. நகையை அடகு வைப்பதானால் தாலிக்கொடியைத் தவிர்த்து, வங்கியில் மட்டும் வையுங்கள்.

முகவரும் படகும்

வேலைக்குப் போகிறவர் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த பின்னரே புறப்பட வேண்டும். முகவர் நிலையத்துக்கு உரிமம் இருக்கிறதா என்பதை 1989 என்ற இலக்கத்தில் பணியகத்தைக் கேட்டு அறியலாம். ‘முதலில் விசிட் வீசாவில் போங்கள், அங்கே வேலை வீசாவாக மாற்றித் தருகிறோம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் எழுந்துவிடுங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியன்மார் எல்லையில் இணையமோசடி முகாம்களில் அடைபட்ட இலங்கையரும் அந்தச் சொல்லை நம்பியவர்களே.

கனடாவுக்கு ‘வேலைக் கடிதம் வாங்கித் தருகிறோம், புள்ளி கூடும்’ என்று பல இலட்சம் கேட்பவர்களுக்கு ஒரு பதில் போதும்: 2025 மார்ச் 25 முதல் அந்தத் தரவரிசையில் வேலை வாய்ப்புக்குப் புள்ளி கிடையாது. அத்தகைய கடிதத்தை விற்பதே அங்கு சட்டவிரோதம். ஆலோசகரை அமர்த்த விரும்பினால் அந்தந்த நாட்டின் ஒழுங்குபடுத்தும் அமைப்பில் அவர் பெயர் பதிவாகியுள்ளதா என்று இணையத்தில் நீங்களே தேடுங்கள். பொய்யான வங்கிக் கூற்றோ அனுபவக் கடிதமோ பிடிபட்டால் கனடா 5 ஆண்டுகளுக்கும் பிரித்தானியா 10 ஆண்டுகள் வரையும் கதவை மூடிவிடும். ‘ஏஜென்ட் போட்டது, எனக்குத் தெரியாது’ என்ற விளக்கத்தை ஏற்க மாட்டார்கள். தம்பதியின் கோப்பு ஒன்றென்பதால் அந்தத் தண்டனை துணையையும் தாக்கும்.

படகைப் பற்றி எழுத வேண்டியிருப்பதே வருத்தம். 2012 இல் நம் கிழக்குக் கரையிலிருந்தும் பல படகுகள் அவுஸ்திரேலியாவை நோக்கிப் போயின; மறு ஆண்டு முதல் அந்த நாடு கடலிலேயே மறித்துத் திருப்பி அனுப்புகிறது. 2022 நவம்பரில் கனடா போகிறோம் என்று நம்பிக் கப்பலேறிய ஏறத்தாழ 300 இலங்கையர் நடுக்கடலில் தத்தளித்து, மீட்கப்பட்டு, வியட்நாமில் இறக்கப்பட்டார்கள்.

விட்டுச் செல்பவை

வீசா கையில் வரும்வரை வேலையை விடாதீர்கள். அரச உத்தியோகத்தராக இருந்தால், 2022 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பின்றி 5 ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல இடமளித்தது. உங்கள் திணைக்களத்தில் இன்று எது நடைமுறை என்பதைத் தாபனக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். பிணைப் பத்திரம் எழுதிப் படித்தவர்கள் அதன் மீதியைக் கணக்கிட்டு வைக்க வேண்டும். தனியார் துறையினர் நிரந்தரமாகக் குடியேறினால் சேமலாப நிதியைப் பெற்றுக்கொள்ள முடியும். அதற்கான கடிதங்களைத் தொழில்கொள்வோரிடமிருந்து புறப்படும் முன்னரே வாங்குவது இலகு.

வீட்டையும் காணியையும் கவனிக்க ஒருவருக்கு அற்றோர்னித் தத்துவம் கொடுக்க நேரும். அதை இங்கேயே ஒரு நொத்தாரிசிடம் எழுதிப் பதிவு செய்யுங்கள். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்காமல், பராமரிக்கவும் வாடகை பெறவும் மட்டும் என்று வரையறுத்துக் கொடுங்கள். பின்னாளில் வெளிநாட்டுக் குடியுரிமை பெறும்போது இலங்கைப் பிரஜாவுரிமை இழக்கப்படும் என்பதையும் இப்போதே அறிந்திருங்கள். வெளிநாட்டவர் காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆகவே ஊரில் பின்னர் காணி வாங்கும் எண்ணம் இருந்தால் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

பெற்றோரிடம் கடைசி நேரத்தில் சொல்வது நல்லதல்ல. ஆங்கிலத் தேர்வுக்குப் பதியும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். அம்மாவை மாதாந்தக் கிளினிக்குக்கு யார் கூட்டிச் செல்வது, அப்பாவின் ஓய்வூதியத்தை யார் எடுத்துக் கொடுப்பது என்பதை அண்ணன் தம்பி அக்கா தங்கையருடன் ஒரு தடவை இருந்து பேசி முடிப்பது, விமான நிலையத்தில் அழுவதைவிடப் பயனுள்ளது. இருவருக்கும் இடையிலும் ஒரு திகதியை வகுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு தடவை தேர்வு எழுதியும் வேண்டிய புள்ளி வராவிட்டாலோ, இரண்டு ஆண்டுகளில் அழைப்பு வராவிட்டாலோ, வீடு கட்டுவதையும் பிள்ளை பெறுவதையும் இனி அதற்காகத் தள்ளிப்போடுவதில்லை என்று. பத்தாண்டுகளாகப் ‘போகப் போகிறோம்’ என்றே சொல்லிக்கொண்டு கூரைக்கு ஓடு மாற்றாமல் இருக்கும் வீடுகளை நான் அறிவேன்.

பல்லில் வேலை இருந்தால் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், அங்கே அதன் விலை மலைக்க வைக்கும். சாரதி அனுமதிப்பத்திரம் எந்த ஆண்டிலிருந்து உங்களிடம் இருக்கிறது என்பதை உறுதிப்படுத்தும் கடிதத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வங்கியின் இரகசியக் குறியீடுகள் இங்குள்ள தொலைபேசி இலக்கத்துக்கே வரும் என்பதால், அந்த இலக்கம் வெளிநாட்டிலும் இயங்குமாறு செய்யாமல் விமானம் ஏறாதீர்கள்.

விண்ணப்பத்துக்கென்று ஒரு புதிய மின்னஞ்சலை நீங்களே திறக்க வேண்டும். முகவரின் மின்னஞ்சலில் கோப்பு நடந்தால், அழைப்பு வந்ததைக்கூட அவர் சொல்லித்தான் அறிய வேண்டியிருக்கும். ஒரு முகவரிடமிருந்து விலக விரும்பிய ஒரு தம்பதிக்கு, கடவுச்சொல்லைப் பெறவே மூன்று மாதம் சென்றது. அதற்குள் அவர்களுடைய ஐ.ஈ.எல்.ரி.எஸ். காலாவதியாகிவிட்டது. ஆகவே கடவுச்சொல்லைக் கணவனும் மனைவியும் அறிந்திருக்க, ஆவணங்களின் மின்பிரதிகள் இருவரின் தொலைபேசியிலும் இருக்க, மூலப் பிரதிகள் ஒரே உறையில் கைப்பையில் வரட்டும். விமானத்தின் வயிற்றில் போகும் பெட்டியில் அவற்றை வைக்காதீர்கள்.